ஏறத்தாழ ஒரே விலையில் 2001 ஃபெராரி 360, 2012 மெக்லாரன் 12சி: எதை வாங்குவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், நடுவில் என்ஜின் உள்ள ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கும் நிலைக்கு இப்போதுதான் வந்திருக்கிறேன். புதிய கார் எனக்குக் கட்டுப்படியாகாது. தேடிப் பார்த்ததில் இரண்டு கார்கள் மனத்தில் நிற்கின்றன. இரண்டுக்கும் சொல்லும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

முதலாவது 2001ஆம் ஆண்டு ஃபெராரி 360 மொடேனா. 3.6 லிட்டர் வி8 என்ஜின், 400 குதிரைத்திறன், கையால் மாற்றும் ஆறு கியர், 41,000 கிலோமீட்டர் ஓட்டம். இரண்டாவது 2012ஆம் ஆண்டு மெக்லாரன் எம்பி4-12சி. 3.8 லிட்டர் இரட்டை டர்போ வி8, 600 குதிரைத்திறன், இரட்டைக் கிளட்ச் கொண்ட ஏழு கியர், கார்பன் ஃபைபர் கூடு, 23,000 கிலோமீட்டர் ஓட்டம்.

இருபது ஆண்டுகளைத் தாண்டிய காரை வாங்கினால் பட்டறை வாசலிலேயே குடியிருக்க வேண்டியதுதான் என்கிறார் ஒரு நண்பர். புதிய தலைமுறைக் காரில் ஒரு சென்சார் போனாலும் கணினியோடு ஆள் வரும்வரை வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும் என்கிறார் இன்னொருவர். ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் ஓட்டுவேன். பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோக மாட்டேன். பராமரிப்புக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஆனால் ஒரே ஆண்டில் அது முழுவதும் கரைந்தால் காரை விற்க வேண்டிவரும். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1

வணக்கம் நண்பரே. 1990களில் தயாரான நடு என்ஜின் கார் ஒன்றைப் பதினோரு ஆண்டுகளாக வைத்திருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் நண்பர்கள் இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவருமே தயாரிப்பு ஆண்டைப் பார்க்கிறார்களே தவிர, அந்தக் கார் இத்தனை ஆண்டுகளை எப்படிக் கழித்தது என்பதைப் பார்க்கவில்லை.

நான் வாங்கியபோது என் காரில் 19,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் மயங்கினேன். என்ஜினின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றி இரண்டு ஆண்டுகளே ஆகின்றன என்று சர்வீஸ் புத்தகத்தில் ஒரு பட்டறையின் முத்திரையும் இருந்தது. வாங்கிய முதல் மாதத்திலேயே குளிர்விப்பு நீர் செல்லும் ரப்பர் குழாய் ஒன்று வெடித்தது. அதைச் சரிசெய்ய என்ஜினைத் திறந்த மெக்கானிக், எதற்கும் பெல்ட்டைப் பார்த்துவிடலாம் என்று கழற்றினார். பல்லுக்குப் பல் குறுக்கே மயிரிழை போன்ற வெடிப்புகள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங்கை விரலால் சுற்றினால் மணல் அரைப்பதுபோல் ஒலித்தது. பெல்ட்டின் முதுகில் அச்சிட்டிருந்த தயாரிப்பு ஆண்டு, புத்தகத்தில் இருந்த முத்திரையைவிட ஆறு ஆண்டு பழையது. மாற்றாமலே முத்திரை குத்தினார்களா, கடையில் கிடந்த பழைய பெல்ட்டைப் போட்டார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அது அறுந்திருந்தால் பிஸ்டன்கள் வால்வுகளில் மோதி என்ஜினே போயிருக்கும்.

ரப்பர், எண்ணெய் சீல், பெல்ட், டயர் ஆகியவை ஓடிய தூரத்தைவிடக் கடந்த ஆண்டுகளால்தான் அதிகம் கெடுகின்றன. ஆகவே 360ஐப் பார்க்கப் போகும்போது 41,000 என்ற எண்ணை நல்லதாகவோ கெட்டதாகவோ எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆண்டுதோறும் கொஞ்சமாவது ஓடியதா, எண்ணெய் மாற்றிய ரசீதுகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பெல்ட்டை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. ஐந்து ஆண்டு வரை இழுப்பவர்களும் உண்டு, நான் இழுக்க மாட்டேன்.

இந்த விஷயத்தில் 360க்கு ஒரு சாதகம் இருக்கிறது. அதற்கு முந்தைய எஃப்355 காரில் பெல்ட் மாற்ற என்ஜினையே கீழே இறக்க வேண்டும். 360இல் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள மூடியைக் கழற்றினால் என்ஜின் இருந்த இடத்திலேயே வேலை முடிந்துவிடும். கூலியில் அது பெரிய வித்தியாசம்.

பதில் 2

மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். நான் புதிய காரின் பக்கம் நிற்பவன்.

வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் வழக்கமான ஆன்ட்டி ரோல் பார்கள் 12சி காரில் கிடையாது. நான்கு சக்கரங்களின் அதிர்வைத் தாங்கும் டாம்பர்களும் ஹைட்ராலிக் குழாய்களால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கின்றன. அதனால்தான் வளைவில் சாயாமல் நிற்கும் அதே கார், குண்டும் குழியுமான சாலையில் குடும்பக் கார் போல மெத்தென்று செல்கிறது. நீண்ட தூரம் ஓட்டி இறங்கிய பிறகு முதுகு என்ன சொல்கிறது என்பதும் கணக்கில் வரவேண்டிய விஷயமே. சறுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பும் அந்தப் பத்து ஆண்டுகளில் வெகுவாக முன்னேறிவிட்டது; ஈரச் சாலையில் புதியவர் ஒருவர் செய்யும் தவற்றை 12சி திருத்தும் அளவுக்கு 360 திருத்தாது.

பழுதுச் செலவுதான் அச்சமென்றால் தயாரிப்பாளர் தரும் நீட்டிப்பு உத்தரவாதம் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்தால் உங்கள் கேள்வியே வேறாகிவிடும். கியர்பாக்ஸ் போனாலும் உங்கள் ஒதுக்கீடு கரையாது. ஆனால் விடுபடாத சர்வீஸ் வரலாறு இல்லாமல் அது கிடைப்பது கடினம்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. உத்தரவாதத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, விசாரிக்கிறேன். இடையில் இன்னொரு 360 கண்ணில் பட்டது. இது எஃப்1 கியர்பாக்ஸ் கொண்டது; ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள துடுப்புகளால் கியர் மாற்ற வேண்டும். கையால் மாற்றும் காரைவிடக் கணிசமாக விலை குறைவு. அதை எடுத்து, மிச்சப் பணத்தைப் பராமரிப்புக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனமா?

பதில் 3

பதினெட்டு ஆண்டுகளாக இத்தகைய கார்களைப் பழுது பார்ப்பவன் எழுதுகிறேன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

360இன் எஃப்1 கியர்பாக்ஸ் உண்மையில் கையால் மாற்றும் கியர்பாக்ஸேதான். கிளட்ச்சை மிதிக்கும் வேலையையும் கியரைத் தள்ளும் வேலையையும் ஹைட்ராலிக் பம்பு ஒன்று செய்கிறது. இரண்டு கிளட்ச்சுகள் மாறி மாறி வேலை செய்யும் 12சியின் இரட்டைக் கிளட்ச்சோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மேட்டில் பின்னோக்கி ஊர்ந்து நிறுத்துவதும், நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்த்துவதும் இந்தக் கிளட்ச்சை வேகமாகத் தின்றுவிடும். பார்க்கப் போகும்போது ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டுக் காதைக் கொடுங்கள். பம்பு சில விநாடிகள் முனகி நின்றுவிட வேண்டும். பிறகு இரண்டு மூன்று முறை கியர் மாற்றியதுமே மறுபடி மறுபடி முனகினால் அழுத்தத்தைச் சேமிக்கும் அக்யூமுலேட்டர் சோர்ந்துவிட்டது என்று பொருள். கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைச் சோதனைக் கருவி விழுக்காட்டிலேயே காட்டும். அந்த எண்ணைப் பார்க்காமல் எஃப்1 காருக்கு விலை பேச வேண்டாம். விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக அதன் பக்கம் போகாதீர்கள். கையால் மாற்றும் 360கள் குறைவாகவே தயாராயின. விற்கும் நாளில் அந்த வித்தியாசம் உங்களிடமே திரும்பி வரும்.

இனி உங்கள் முதல் கேள்வி. பட்டறையில் நின்று பார்க்கும் எனக்குப் பழையது, புதியது என்ற பிரிவைவிடப் பிரித்துச் சரிசெய்யக் கூடியது, மொத்தமாக மாற்ற வேண்டியது என்ற பிரிவுதான் முக்கியம். 360இல் கெடும் பொருட்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்: முன் சக்கரங்களைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டுகள், என்ஜின் மவுண்டுகள், ஆரம்ப ஆண்டுகளில் வந்த கார்களில் வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் கேம்ஷாஃப்ட் வேரியேட்டர்கள், உள்ளே பிசுபிசுவென்று ஒட்டும் பிளாஸ்டிக் பொத்தான்கள். எதுவும் மலிவில்லை, ஆனால் எல்லாவற்றையும் என் கையால் பிரித்துப் பூட்ட முடியும், பெரும்பாலானவை முன்கூட்டியே சத்தத்திலோ கசிவிலோ தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ்கள் வந்த தொடக்க ஆண்டுகளில் உள்ளே ஒரு சிறிய சென்சார் போனாலும் முழுப் பெட்டியையே மாற்றச் சொன்னார்கள். உள் உதிரிபாகங்கள் தனியாகக் கிடைக்கவில்லை. இன்று தனிப்பட்ட வல்லுநர்கள் சிலர் அவற்றைப் பிரித்துச் சரிசெய்கிறார்கள். ஆகவே 12சி வாங்குவதற்கு முன் அப்படிப்பட்ட ஒருவர் நீங்கள் எட்டக்கூடிய தூரத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் உத்தரவாதம் இல்லாமல் அந்தக் காரை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். மேலே நண்பர் புகழ்ந்த ஹைட்ராலிக் சஸ்பென்ஷனிலும் வாயு நிரப்பிய அக்யூமுலேட்டர்கள் இருக்கின்றன. அவை காலப்போக்கில் அழுத்தம் இழக்கும் பொருட்கள், அந்தச் செலவு வருமா என்பதல்ல, எப்போது வரும் என்பதே கேள்வி. பிரேக்கையும் கவனியுங்கள். 12சி காரில் செராமிக் டிஸ்க் விருப்பத் தேர்வாக வந்தது. செராமிக் டிஸ்க்கின் தேய்மானத்தைக் கண்ணால் மட்டும் மதிப்பிட முடியாது. கழற்றி எடை போட்டு, டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச எடையோடு ஒப்பிட வேண்டும். நான்கையும் மாற்ற நேர்ந்தால் உங்கள் ஒதுக்கீடு அந்த ஆண்டே தீர்ந்துவிடும்.

இரண்டு காருக்கும் பொதுவாகச் சில வார்த்தைகள். நீங்கள் போய்ச் சேரும்போது என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்; முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும், உள்ளே செலுத்திய காற்று எவ்வளவு கசிகிறது என்று அளக்கும் லீக் டவுன் சோதனை செய்யச் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. டயரின் வரிப்பள்ளங்கள் (அச்சு) ஆழமாக இருக்கின்றனவே என்று ஏமாற வேண்டாம். 360இன் உடல் அலுமினியம் என்பதால் காந்தத்தை ஒட்டிப் பார்த்து மறுபெயிண்ட்டைக் கண்டுபிடிக்கும் பழைய வழக்கம் பலிக்காது. அலுமினியத்தின் மேலும் பெயிண்ட்டின் தடிமனை அளக்கும் கருவி வேண்டும். 12சியின் கூட்டுப்பொருள் பாகங்களில் அதுவும் உதவாது. அங்கே காரைத் தூக்கி, கார்பன் கூட்டின் அடிப்பகுதியில் அடிபட்ட தழும்பு இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும்.

பதில் 4

சுருக்கமாக ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஃபெராரியின் எஃப்430 இருக்கிறது. 2004இல் வந்தது, 490 குதிரைத்திறன், பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின். என்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் விழுவது அதன் அறிந்த குறை; அதை மாற்றியிருக்கிறார்களா என்று கேட்டால் போதும். கையால் மாற்றும் கியரோடு வந்த முதல் தலைமுறை ஆடி ஆர்8 காரையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பதில் 1 எழுதியவர் மீண்டும்

எஃப்430 நல்ல யோசனைதான். ஆனால் கையால் மாற்றும் எஃப்430 இவருடைய ஒதுக்கீட்டுக்குள் வராது என்றே நினைக்கிறேன். வாங்கும் விலைக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் முதல் சர்வீஸிலேயே மனம் உடைந்துவிடும்.

கேட்டவர்

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும். இரண்டு கார்களையும் தனித்தனி வல்லுநர்களை அழைத்துச் சோதித்தேன்.

12சி ஓட்டுவதற்கு அற்புதமாக இருந்தது. பதில் 2 எழுதிய நண்பர் சொன்னதில் ஒரு சொல்கூட மிகையில்லை. காரிலும் குறிப்பிடும்படியான பழுது எதுவும் தென்படவில்லை. ஆனால் முந்தைய உரிமையாளர் இரண்டு ஆண்டுகள் சர்வீஸ் செய்யாமலே நிறுத்தி வைத்திருந்திருக்கிறார். அந்த இடைவெளியால் நீட்டிப்பு உத்தரவாதத்துக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். இரட்டைக் கிளட்ச்சைப் பிரித்துப் பார்க்கக் கூடியவர் என்று விசாரித்ததில், காரை லாரியில் ஏற்றி ஒரு முழுநாள் பயணம் செய்தால்தான் ஒருவரை எட்ட முடியும் என்று தெரிந்தது. உத்தரவாதமும் இல்லை, ஆளும் இல்லை என்றானபோது மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு விலகினேன்.

360இல் லீக் டவுன் சோதனையில் எட்டு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று நெருக்கமான அளவையே காட்டின. முழங்காலிட்டு டயர்களைப் பார்த்தேன். பின் டயர்கள் ஒன்பது ஆண்டு பழையவை, அச்சு மட்டும் புதிது போல் இருந்தது. பெல்ட் மாற்றியதற்கான கடைசி ரசீது ஐந்து ஆண்டுகளுக்கு முந்தையது. இடது முன் பால் ஜாயின்ட் ஆடுகிறது. இவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பட்டறையில் வாங்கிய மதிப்பீட்டையும் விற்பவர் முன் வைத்தேன். அவர் கோபப்படவில்லை; பெல்ட், டயர் செலவு முழுவதையும் விலையில் கழித்துக்கொண்டார், பால் ஜாயின்ட்டை என் பொறுப்பில் விட்டுவிட்டார். முன்பணம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை கார் நேராகப் பட்டறைக்குப் போகிறது. வேலை முடியும்வரை என்ஜினை நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்று எனக்கு நானே விதித்துக்கொண்டிருக்கிறேன். பெல்ட் மாற்றும்போது நான் அருகில் நிற்பேன் என்று மெக்கானிக்கிடம் சொல்லி ஒப்புதலும் வாங்கிவிட்டேன். பூட்டுவதற்கு முன் புதிய பெல்ட்டின் முதுகில் உள்ள ஆண்டைப் படமெடுத்து, ரசீதோடு சேர்த்துக் கோப்பில் வைக்கப் போகிறேன்.