கேக் கடைப் பலகைக்குத் தமிழ் பொன்ட் வேண்டும்

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி. வெள்ளவத்தையில் தங்கச்சியின் கேக் கடைக்கு மும்மொழியில் பெயர்ப்பலகை செய்கிறேன். ஆங்கிலத்துக்கு 1979இல் ஹேர்மன் ஸாப்ஃ வடிவமைப்பில் வந்த ஸாப்ஃ சான்சரி என்ற பொன்டின் (எழுத்துருவின்) போல்ட், அதாவது தடித்த வடிவம் போட்டேன். பட்டை நிப்புப் பேனாவால் எழுதியதுபோல ஒரு கோடு தடித்து அடுத்தது மெலிந்து சற்றே சாய்ந்து ஓடும், இரண்டு சொல்லுக்கு அழகுதான், ஆனால் முழுக்க கெப்பிட்டலில் அடித்தால் வாசிக்கவே முடியாது, அதனால் முதலெழுத்தை மட்டும் பெரிதாக வைத்தேன். சிறிய எழுத்தில் வரும் விலைப்பட்டியலுக்கும் இது சரிவராது.

சிக்கல் தமிழில்தான். சாதாரண பொன்டை கணினியில் சரித்துப் பார்த்தால் ‘ழ’ விழப்போகிறதுபோல நிற்கிறது, ‘ண’வின் சுழிகள் அடைபட்டுக் கறுத்துவிட்டன. இத்தாலியர் கையெழுத்தைப் பார்த்து அச்சு வெட்டி 1501இலேயே சாய்வெழுத்தில் புத்தகம் போட்டவர்கள். நாமோ ஓலையில் எழுத்தாணியால் ஒரே தடிப்பில் கீறி வந்தவர்கள், சும்மா சரித்தால் எப்படி வரும்?

பேனா ஓட்டம் தெரிகிற, யூனிகோட்டில் இயங்கும், கடைப் பலகைக்குப் பாவிக்க உரிமம் உள்ள தடித்த தமிழ் பொன்ட் யாருக்காவது தெரியுமா? காசு கொடுத்து வாங்கவும் தயார். இல்லாவிட்டால் கொழும்பில் தூரிகையால் எழுதித் தரக்கூடிய பலகை ஓவியர் யாரும் இருந்தால் சொல்லுங்கள், ஸ்கேன் பண்ணி எடுத்துக்கொள்வேன். சிங்களத்துக்கு ஒன்று கிடைத்துவிட்டது. வியாழனுக்குள் அச்சகத்துக்குக் கோப்பு அனுப்ப வேண்டும்.