பைக்ல மாட்ட நல்ல பேக் எது? அவசரம், சனிக்கிழமை கிளம்பணும்

மலைக்கோட்டை வாசி:
பைக்ல மாட்டுற மாதிரி ஒரு பேக் சொல்லுங்க நண்பர்களே. சின்ன ட்ரிப்தான், பட்ஜெட் கம்மி. சீக்கிரம் ப்ளீஸ்.

ரெண்டாம் கியர்:
என்ன பைக்? எத்தனை பேர்? கம்மின்னா 500ஆ, 5,000மா?

இரும்புக் குதிரை:
யோசிக்கவே வேணாம், டெயில் பேக். பின்சீட்டுல வச்சு பக்கிள் ஸ்ட்ராப்பை இழுத்து இறுக்குங்க, அசையாது. 40 லிட்டர் பை ரெண்டு நாள் சாமானுக்குத் தாராளமாப் போதும்.

அனுபவஸ்தன்:
மாசா மாசம் இதே கேள்வி. டேங்க் பேக், டெயில் பேக், சேடில் பேக் மூணுக்கும் என்ன வித்தியாசம்னு தேடிப் படிச்சிட்டு வந்து கேட்டா பதில் சொல்றவனுக்கும் மரியாதை. நாங்கல்லாம் கோணியைக் கட்டிக்கிட்டு லடாக் போனவங்க.

டீக்கடை பெஞ்ச்:
அண்ணே, போன தடவை ஏலகிரின்னீங்க.

மலைக்கோட்டை வாசி:
சாரி. ஸ்ப்ளெண்டர் ப்ளஸ். திருச்சில இருந்து கொல்லிமலை, ஒரு ராத்திரி தங்கல். 2,000க்குள்ள. மனைவியும் வர்றாங்க.

ரெண்டாம் கியர்:
அதையில்ல முதல்ல சொல்லணும்! பின்சீட்டுல வீட்டம்மா உட்காருவாங்களா, டெயில் பேக் உட்காருமா?

இரும்புக் குதிரை:
அப்ப அவங்க முதுகுல ஒரு பேக்பேக் மாட்டிக்கட்டும்.

சேலத்து ஸ்பானர்:
அடிவாரம் காரவள்ளில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறணும். ஏத்தத்துல முதுகுப் பை ஆளைப் பின்னாடி இழுத்துக்கிட்டே இருக்கும், பாவம் அந்தம்மா. சேடில் பேக் வாங்குங்க, அதான் சீட்டுக்கு ரெண்டு பக்கமும் தொங்குற ஜோடிப் பை. நடுப்பட்டையை சீட்டுக்கு அடியில விட்டு மாட்டணும், சீட் மேல போட்டா வழுக்கும். இடது பக்கம் சேலை கார்டு இருக்கு, பை வீல்ல படாமத் தாங்கிக்கும். வலது பக்கம் கொதிக்கிற சைலன்சர், அங்கதான் வினை. கடையில காலிப் பையைப் பார்த்தா நாலு விரல் இடைவெளி தெரியும். துணியைத் திணிச்சு, ரெண்டு பேரும் ஏறி உட்கார்ந்தா ஷாக் அப்சார்பர் இறங்கி, பையும் தொங்கி, சைலன்சரைத் தொட்டுடும். அதனால சாமான் ரொப்பி, ஆள் உட்கார்ந்தப்புறம் யாரையாவது குனிஞ்சு பார்க்கச் சொல்லுங்க. இண்டிகேட்டர், நம்பர் பிளேட் மறையக்கூடாது. பின்டயர் காத்தை ரெண்டு பேருக்கான அளவுக்கு ஏத்திடுங்க.

அனுபவஸ்தன்:
இவ்வளவு எதுக்கு? பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிக் கட்டினா எந்தப் பையும் நிக்கும். பால்காரர் கேனே அதுலதான் நிக்குது.

டீக்கடை பெஞ்ச்:
பால்காரர் ரெண்டு தெரு போறார். வெயில்ல காஞ்ச ட்யூப் எப்ப வெடிக்கும்னு அதுக்கே தெரியாது. பஞ்சி கயிறு வாங்கலாம், அதான் முனையில கொக்கி வச்ச எலாஸ்டிக் கயிறு.

சேலத்து ஸ்பானர்:
கொக்கி வச்ச கயிறு அதைவிட மோசம். குண்டுகுழில துள்ளினா கொக்கி கழண்டு ஸ்போக்ஸுக்குள்ள போகும், வீல் லாக் ஆகிடும். இழுத்து மாட்டறப்ப கை நழுவினா கண்ணு போகும். பக்கிள் பட்டைதான்.

அனுபவஸ்தன்:
ட்யூபுக்குக் கொக்கி இருக்கா? இல்லைல்ல?

ரெண்டாம் கியர்:
ட்யூபை விடுங்கப்பா. மழைக்கு என்ன பண்றது? கூடக் குடுக்கிற ரெயின் கவர் வேகத்துல காத்து புகுந்து பறந்துடும். துணியைத் தடிமனான குப்பைக் கவர்ல சுத்தி உள்ளே வைங்க.

டீக்கடை பெஞ்ச்:
உரச்சாக்கோட உள்கவர் இன்னும் கெட்டி. ஒரு சொட்டு இறங்காது.

இரும்புக் குதிரை:
ஆமா, கொல்லிமலை மேல செம்மேட்டுல சட்டையை எடுத்தா யூரியா வாசனை.

டீக்கடை பெஞ்ச்:
கழுவிட்டு வைக்கணும் தம்பி.

மலைக்கோட்டை வாசி:
சிங்காரத்தோப்புல சேடில் பேக் வாங்கியாச்சு, 1,650. வலது பக்கம் லேசாத் தொடுது. கிளம்புறோம், நன்றி.

சேலத்து ஸ்பானர்:
தொடுதா? எதைத் தொடுது? சைலன்சரையா? வலது பை பட்டையை இன்னும் மேல ஏத்திக் கட்டுங்க, கனமானதை இடது பக்கம் மாத்துங்க. முதல்ல போட்டோ போடுங்க.

சேலத்து ஸ்பானர்:
தம்பி, இருக்கீங்களா?

அனுபவஸ்தன்:
ட்யூப் கட்டியிருந்தா தொட்டிருக்காது.