கறுப்புத் தாளின் மேல் தெரிந்த வளையம்

அட்ரசின் என்னும் களைக்கொல்லியைச் சிதைக்கும் பாக்டீரியாவைத் தேடிய நாட்களில், முதல் சில வாரங்களை நானே வீணாக்கினேன். அந்தக் களைக்கொல்லி பல முறை தெளிக்கப்பட்ட மண்ணை, அட்ரசின் கலந்த வழக்கமான ஊட்டக் கரைசலில் இட்டேன். பாக்டீரியா பெருகிக் கரைசல் நன்றாகக் கலங்கியது, அட்ரசினோ குறையவே இல்லை. கரைசலில் நைட்ரஜன் தரும் அம்மோனியம் உப்பு இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. அட்ரசின் மூலக்கூறில் உள்ள ஐந்து நைட்ரஜன் அணுக்களுக்காகவே பெரும்பாலான நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கின்றன. வேறு நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்தால், அட்ரசினைத் தொடாதவையும் செழித்து வளர்ந்துவிடும்.

அம்மோனியத்தை நீக்கிவிட்டு அகார் என்னும் கூழ் ஊடகம் உறைந்த தட்டுகளுக்கு மாறினேன். ஒரு லிட்டர் நீரில் சுமார் 33 மில்லிகிராம் மட்டுமே கரையும் அட்ரசினை 500 மில்லிகிராம் சேர்த்தால், தட்டு பால் போல வெளுத்துவிடும். சிதைக்கும் நுண்ணுயிர் இருக்குமிடத்தில் அந்த வெண்மை கரைந்து, தட்டைக் கறுப்புத் தாளின் மேல் வைக்கும்போது பாக்டீரியாக் கூட்டத்தைச் சுற்றி ஒரு தெளிந்த வளையம் தெரியும். வளையமில்லாத சிறு கூட்டங்களை இருமுறை நம்பி ஏமாந்தேன். அகாரிலேயே இருக்கும் சொற்ப நைட்ரஜன் அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த வளையத்தைத் தொடங்கிவைக்கும் நொதி செய்வது மிகச் சிறிய வேலை: அட்ரசினிலிருந்து குளோரினை அகற்றி, நீரிலிருந்து வரும் ஹைட்ராக்சிலை (OH) அவ்விடத்தில் அமர்த்துகிறது. அத்துடன் களையைக் கொல்லும் ஆற்றல் போய்விடுகிறது. எஞ்சிய மூலக்கூறை வேறு நொதிகள் சயனூரிக் அமிலமாகவும், பின்னர் அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா இனத்தின் ஏடிபி (ADP) வகையில் விரிவாக ஆராயப்பட்ட இந்த முதல் நொதி, மெலமைன் என்னும் நைட்ரஜன் நிறைந்த சேர்மத்தைச் சிதைக்கும் நொதியிலிருந்து 475 அமினோ அமிலங்களில் வெறும் ஒன்பதில்தான் வேறுபடுகிறது. ஆயினும் மெலமைனை அது தொடுவதில்லை. ஒரு பழைய நொதி அண்மைக் காலத்தில்தான் இப்படி மாறியிருக்க வேண்டும் என்ற கருத்து எனக்கும் ஏற்புடையதே.

பின்னர் என் தட்டில் வளையம் காட்டிய பாக்டீரியாவைச் செழுமையான ஊடகத்தில் பல முறை மாற்றி வளர்த்துவிட்டு மீண்டும் வெண்தட்டில் இட்டபோது, பல கூட்டங்களில் வளையமே தோன்றவில்லை. நொதிகளுக்கான மரபணுக்கள் பிளாஸ்மிட் என்னும் தனி டி.என்.ஏ. துண்டில் இருப்பதால், தேவையில்லாத சூழலில் அவை எளிதில் இழக்கப்படுகின்றன. இப்போது என் மூல வளர்ப்பை அட்ரசின் தட்டில் மட்டுமே வைத்திருக்கிறேன்.