கொட்டாங்குச்சி கார்பன் + ஆக்சோன்: சாயம் உடையுதா, இல்ல சும்மா ஒட்டிக்குதா?

கரித்தூள்_ஈரோடு:
வணக்கம் மக்களே, எம்எஸ்சி ப்ராஜெக்ட் டவுட்டு ஒண்ணு. கொட்டாங்குச்சி கரி, யூரியா, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு மூணையும் கலந்து நைட்ரஜன் விட்டு 800 டிகிரில சுட்டு, நல்லா துளை விழுந்த கார்பன் எடுத்திருக்கேன். இத மெத்திலீன் ப்ளூங்கிற நீலச் சாயக் கரைசல்ல போட்டு கூடவே ஆக்சோன் (பெராக்சிமோனோசல்ஃபேட் உப்பு, சாயத்த ஆக்சிஜனேற்றி உடைக்குறது) சேத்தா அரை மணி நேரத்துல கலரே இல்ல, சாயம் வெளிச்சத்த உறிஞ்சுற 664 நானோமீட்டர் பீக் காணாம போயிடுது. கைடு பாத்துட்டு "இது கேட்டலிஸ்டா, வடிகட்டியா?"ன்னு கேட்டுட்டாரு. எப்படி காட்டுறது? இன்னொண்ணு, தலைப்புல "உலோகமில்லா கேட்டலிஸ்ட்"னு போட்டு, இரும்பு கிரும்பு எதுவும் இல்லாததால ஃபென்டன் முறை (இரும்பு + ஹைட்ரஜன் பெராக்சைடு) மாதிரி ஸ்லட்ஜ் வராது, திருப்பூர் சாயத்தண்ணிக்கு சூப்பரா இருக்கும்னு இன்ட்ரோல எழுதிருக்கேன், ஓகேவா?

லேப்பூனை:
உங்க கைடு கேட்டது நியாயமான கேள்வி. மெத்திலீன் ப்ளூ நேர்மின் சாயம், கார்பன் கண்டா போய் ஒட்டிக்கும், ஆக்சோன் இல்லாமலே பாதி கலர் போயிருக்கும். முதல்ல வெறும் கார்பன் மட்டும் போட்டு சாயம் ஒட்டி முடியுற வரைக்கும் கலக்கி விட்டுட்டு, ரீடிங் இறங்குறது நின்னப்புறம் ஆக்சோன் போடுங்க. கார்பன் இல்லாம வெறும் ஆக்சோன் போட்டும் ஒரு ரன் வேணும். முடிஞ்சதும் அந்த கரித்தூள வடிச்சு எடுத்து எத்தனால்ல போட்டு ஆட்டிப் பாருங்க, எத்தனால் நீலமா மாறுச்சுன்னா சாயம் உடையாம உள்ளயே உக்காந்திருக்குன்னு அர்த்தம். மாறலன்னா மட்டும் குதிக்காதீங்க, சின்ன துளைக்குள்ள போனது சுலபமா வெளிய வராது. டிஓசி, அதாவது தண்ணில மிச்சமிருக்குற மொத்த கரிமக் கார்பன், பாத்தே ஆகணும். அப்புறம் ஆக்சோன் போட்டதும் பிஹெச் 3 பக்கம் இறங்கிடும், அதுவே ஒட்டுறத மாத்திடும், பிஹெச்ச பிடிச்சு வெச்சு ஒரு தடவை ஓட்டுங்க. சாம்பிள் எடுத்ததும் ரியாக்‌ஷன நிறுத்த மெத்தனால் ஊத்துற பழக்கம் இருக்குல்ல, டிஓசிக்கு போற சாம்பிள்ல அத பண்ணிடாதீங்க, மெத்தனாலே கார்பன்தான் :)

சாயத்தண்ணி:
தம்பி, நான் திருப்பூர்ல பொது சுத்திகரிப்பு நிலையத்துல வேலை பாக்குறேன், அந்த ரெண்டாவது கேள்விக்கு மட்டும் சொல்றேன். இங்க காட்டன் சாயம் எல்லாம் ரியாக்டிவ் டை, எதிர்மின். மெத்திலீன் ப்ளூல வந்த ரிசல்ட்ட வெச்சு எங்க தண்ணிய பத்தி எழுதாதீங்க, ரியாக்டிவ் பிளாக் 5 வாங்கி ட்ரை பண்ணுங்க. அதவிட பெரிய தலைவலி உப்பு. சாயம் துணில ஏறணும்னு லிட்டருக்கு அம்பது கிராமுக்கு மேலயும் உப்பு போடுவாங்க. குளோரைடு உள்ள தண்ணில ஆக்சோன் போட்டா ஹைப்போகுளோரஸ் அமிலம் உருவாகி, கலர் என்னமோ வேகமா போகும், ஆனா சாயத்துத் துண்டுல குளோரின் ஏறி இன்னும் மோசமான சரக்கு வரலாம். ஆக்சோன்ல இருந்து சல்ஃபேட் உப்பு வேற கூடும். 2011ல ஹைகோர்ட் பட்டறைய எல்லாம் மூடச் சொன்னதுல இருந்து ஒரு சொட்டு வெளிய விடக்கூடாதுன்னு ஆர்ஓ, எவாப்பரேட்டர்னு உப்ப பிரிக்கத்தான் காசு கரையுது, நீங்க இன்னும் உப்பு போடுறேங்கிறீங்க. ஸ்லட்ஜ் இல்லங்கிறது நல்ல விஷயம்தான், ஃபென்டன்ல வர்ற இரும்புச் சேறு பெரிய தொல்லை, ஆனா அது ஒண்ண மட்டும் வெச்சு சூப்பர்னு சொல்ல முடியாது.

கரித்தூள்_ஈரோடு:
அண்ணா உப்பு மேட்டர் யோசிக்கவே இல்ல, நன்றி. அப்ப ஆக்சோன விட்டுட்டு கார்பன் நைட்ரைடு (வெளிச்சம் பட்டா வேலை செய்யுற கேட்டலிஸ்ட்) எடுத்து வெளிச்சத்துல பண்ணா? யூரியாவ மூடி போட்ட க்ரூசிபிள்ல 550 டிகிரில சுட்டா மஞ்சப் பொடி வந்துடுதே.

லேப்பூனை:
உப்பு ஏறாது, சரி. ஆனா அதோட பேண்ட் கேப் (எலக்ட்ரான கிளப்ப வெளிச்சத்துல இருக்க வேண்டிய குறைஞ்சபட்ச எனர்ஜி) 2.7 எலக்ட்ரான் வோல்ட், 460 நானோமீட்டர் வரைக்கும்தான் வெளிச்சத்த உறிஞ்சும், பட்டறைத் தண்ணி கருகருன்னு இருக்கும்போது வெளிச்சம் உள்ளயே போகாது. சாயமே வெளிச்சத்த வாங்கி தன்னத்தானே உடைச்சுக்குற சங்கதியும் இருக்கு, அதனால கலரில்லாத ஃபீனால் வெச்சும் காட்டுங்க. கடைசி பாலிஷிங் கட்டத்துக்கு வேணா பேசலாம்.

ஐசிபி_பைத்தியம்:
நடுவுல பூர்றேன். "உலோகமில்லா"ன்னு தலைப்புல போடுறதுக்கு முன்னாடி சாம்பல் எவ்ளோன்னு பாத்தீங்களா? கொட்டாங்குச்சிலயே பொட்டாசியம், கொஞ்சம் இரும்பு எல்லாம் இருக்கும். பொட்டாசியம் ஹைட்ராக்சைட நிக்கல் க்ரூசிபிள்ல சுட்டிருந்தா நிக்கலும் அரிச்சு வந்திருக்கும். ஆக்சோன கிளப்பி விட துளியூண்டு கோபால்ட் இருந்தாலே போதும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல நல்லா கழுவி, கழுவுனதுக்கு முன்னாடி பின்னாடி ரெண்டையும் ஐசிபிக்கு (எந்த உலோகம் எவ்ளோ இருக்குன்னு அளக்குற டெஸ்ட்) அனுப்புங்க, ரெண்டுலயும் வேகம் ஒண்ணா இருந்தாத்தான் அந்த வார்த்தைய தைரியமா போடலாம்.

கரித்தூள்_ஈரோடு:
க்ரூசிபிள் நிக்கல்தான் சார் 😐 நாளைக்கே அமிலத்துல ஊறப் போடுறேன்.