செம்பருத்தியில் மாவுப்பூச்சிகளுக்கு நடுவே ஓடும் வெள்ளைப் புழு நன்மை செய்வதா?

கேள்வி
வணக்கம். மதுரையில் எங்கள் மொட்டை மாடியில் 12 தொட்டிகள் வைத்திருக்கிறேன். அடுக்குச் செம்பருத்தியின் மொட்டுக் காம்புகளில் ஒரு மாதமாக மாவுப்பூச்சி அப்பிக் கிடக்கிறது. லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் கலந்து இருமுறை தெளித்தும் மறுபடி வந்துவிட்டது. நேற்று மூன்றாம் முறை தெளிக்கப் போனபோது, மற்றவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக, பஞ்சைத் திரித்து ஒட்டியது போன்ற நீண்ட வெள்ளை இழைகளுடன் நான்கைந்து உருவங்களைக் கண்டேன். ஈர்க்குச்சியால் ஒன்றைத் தொட்டதும் அது காம்பின் அடிப்பக்கம் ஓடி ஒளிந்துகொண்டது. இதுவும் மாவுப்பூச்சிதானா? கத்தரிச் செடியில் இருக்கும் கரும்புள்ளி வண்டுகளை, பூச்சிகளைத் தின்னும் பொறிவண்டு என்றெண்ணி விட்டுவைத்திருக்கிறேன், அது சரியா?

பதில் 1
வணக்கம் அம்மா. தயவுசெய்து அந்தச் செடிக்கு இப்போது எதையும் தெளிக்காதீர்கள். வளர்ந்த மாவுப்பூச்சி தண்டில் வாயை ஊன்றியபடி கிடக்குமே தவிர, தொட்டால் ஓடாது. நீங்கள் சொல்லும் அளவையும் ஓட்டத்தையும் பார்த்தால், அது கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் புழுவாகவே இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டைக் காப்பிச் செடியின் பச்சைச் செதில்பூச்சியை ஒழிப்பதற்காக 1898இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் மாவுப்பூச்சியின் மீதுதான் அதற்கு நாட்டம் அதிகம். வளர்ந்த வண்டு மிளகளவுகூட இராது. முதுகு கரும்பழுப்பாகவும் தலையும் கழுத்துப் பகுதியும் செம்மஞ்சளாகவும் இருக்கும். மாவுப்பூச்சியின் முட்டைப் பொதிக்குள்ளேயே தன் முட்டைகளை இடுவதால், பொதியை வழித்தெறிந்தால் இதன் முட்டைகளும் போய்விடும்.

கத்தரி வண்டு வேறு. இலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்று நரம்பை மட்டும் வலைபோல் விட்டிருந்தால், அது இலை தின்னும் எபிலாக்னா வண்டு. புள்ளியுள்ள நல்ல பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவியது போல் பளபளக்கும்; இதன் முதுகோ நுண்ணிய மயிருடன் மங்கலாக இருக்கும். புள்ளிகளை மட்டும் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம்.

பதில் 2
செடியில் எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல்காத்து, தின்ன வரும் பூச்சிகளை விரட்டும். பல வீடுகளில் நல்ல பூச்சிகள் வந்தும் பயன் இல்லாமற்போவதற்கு இதுவே காரணம் என்பது என் அனுபவம். தண்ணீர் நிரப்பிய அகலத் தட்டில் செங்கல்லை வைத்து, அதன்மேல் தொட்டியை நிறுத்துங்கள். கிளை எதுவும் சுவரைத் தொடக் கூடாது. கொசு முட்டையிடாதபடி அந்தத் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் மிக்க நன்றி. சுவரைத் தொட்ட ஒரு கிளை வழியாக எறும்புகள் சாரை சாரையாக வந்துகொண்டிருந்தன. அதை வெட்டிவிட்டுத் தட்டும் வைத்தேன். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, அந்தப் புழு ஒரு மாவுப்பூச்சியைக் கவ்வித் தின்றுகொண்டிருந்தது. கடைசியில் வெறும் தோல்தான் மிஞ்சியது. கத்தரியில் இலைகள் வலையாகியிருந்ததால் 9 வண்டுகளைப் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். இலையடியில் மஞ்சள் முட்டைக் குவியல் ஒன்று உள்ளது. அது எந்த வண்டுடையது என்று எப்படி அறிவது?

பதில் 1
எபிலாக்னா, அசுவினி தின்னும் நல்ல பொறிவண்டு இரண்டின் முட்டைகளும் மஞ்சளாக, கதிர் வடிவில், நட்டுவைத்தது போலவே இருக்கும். அந்த இலையைக் கிள்ளி, மெல்லிய துணியால் வாய் கட்டிய பாட்டிலில் சில நாள் வைத்திருங்கள். மஞ்சள் உடலில் கிளைவிட்ட முட்களுடன் புழு வந்தால் அழித்துவிடலாம்; கருமையாக, நீண்ட கால்களுடன் குட்டி முதலைபோல் வந்தால், அசுவினி இருக்கும் செடியில் கொண்டுபோய் விடுங்கள்.