விறைத்த பிவிசி பீடிங்: வெந்நீரா, ஹீட் கன்னா?

மன்னார்குடி மாடிவீடு:
ஹால் மூலையில் பிளைவுட் அலமாரி, முனை அரைவட்டம். பலகை விளிம்பை மூடச் செருகும் யூ வடிவ பிவிசி பட்டை, அதாவது யூ பீடிங், நேர் பகுதியில் அழகாக ஏறுகிறது. வளைவுக்கு வந்ததும் திமிறுகிறது; அழுத்தினால் அந்த இடம் வெளுத்துப்போகிறது. எப்படி இளக்குவது?

குடந்தை தச்சர்:
சூடான காற்றை ஊதும் ஹீட் கன் வாங்குங்க தம்பி. வேண்டிய இடத்துக்கு மட்டும் சூடு கொடுக்கலாம், கையோடு வளைத்து அமுக்கலாம். வெளுத்த துண்டை வைக்காதீர்கள், அங்கேதான் விரிசல் விடும்.

நாகை கடலோரம்:
முதல்முறை செய்பவரிடம் கன்னைக் கொடுப்பதா? பிவிசி இளக 80 டிகிரி செல்சியஸ் சூடு போதும். கன்னில் வரும் காற்றோ 500 டிகிரியைத் தாண்டும். கண் இமைப்பதற்குள் மெல்லிய பீடிங் சுருண்டு கருகும். கொதிநீர் 100 டிகிரிக்கு மேல் போகவே போகாது, கருக வழியே இல்லை. அகலமான அண்டாவில் ஒரு நிமிஷம் முக்கி, கையுறையோடு எடுத்து வளையுங்கள்.

குடந்தை தச்சர்:
அக்கா, வெளியே எடுத்ததும் ஆற ஆரம்பித்துவிடும். அலமாரிக்குக் கொண்டுபோவதற்குள் பாதி விறைத்துவிடும். ஈரத்தோடு செருகினால் பிளைவுட் விளிம்பு ஊறி உப்பும். ஐப்பசி மழையில் நம் ஊர் மரக்கதவுகள் படும் பாடு தெரியாதா?

நாகை கடலோரம்:
அதனால்தான் அலமாரியிலேயே வளைக்க வேண்டாம் என்கிறேன். அதே வளைவில் ஒரு பலகைத் துண்டை அறுத்து, அதன்மேல் பீடிங்கை வளைத்துக் கட்டி ஆறவிடுங்கள். வடிவம் நின்றுவிடும். துடைத்து, காயவைத்து, அப்புறம் செருகலாம்.

திருவாரூர் வயற்காடு:
இதற்கா இவ்வளவு யோசனை? போர்வெல் பிவிசி குழாய் முனையை வைக்கோல் கொளுத்திச் சூடாக்கித்தானே ஒன்றுக்குள் ஒன்று செருகுகிறோம்.

குடந்தை தச்சர்:
அண்ணே, குழாயின் கனம் வேறு, இதன் கனம் வேறு. தீயில் சூடு ஒரே சீராகப் படாது. பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், கண்ணும் தொண்டையும் எரியும். வயலில் காற்றோடு போய்விடும், ஹாலுக்குள் எங்கே போகும்? கன் பிடிப்பவர்களும் ஜன்னலைத் திறந்துவைத்து, முனையை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொன்று. சூடாக இருக்கும்போது பீடிங்கை இழுக்கவே கூடாது. நீண்டு கொடுக்கும், நமக்கும் சரியாகப் பொருந்தியது போலத் தெரியும். ஆறியதும் சுருங்கி மூலையில் இடைவெளி விடும். இழுக்காவிட்டாலும் 3 மீட்டர் பீடிங் 20 டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் கூடிக் குறையும். சித்திரை உச்சிவெயிலில் அறுத்தால் மார்கழியில் இடைவெளி தெரியும்.

மன்னார்குடி மாடிவீடு:
பழைய ஜன்னல் ரப்பர் பீடிங்கும் கட்டையாகிவிட்டது. அதையும் வெந்நீரில் போடலாமா?

நாகை கடலோரம்:
வேண்டாம். மென்மைக்காகச் சேர்த்த பொருள் வெயிலில் வெளியேறியதால் வரும் விறைப்பு அது. சூட்டில் இளகினாலும் ஆறியதும் பழையபடி ஆகிவிடும். புதிதாக வாங்குங்கள், சோப்புத் தண்ணீர் தடவினால் எளிதாக ஏறும்.

குடந்தை தச்சர்:
அதில் அக்கா சொல்வது சரி. உங்கள் யூ பீடிங்குக்கும் வெந்நீர் போதும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பசை போட்டு ஒட்டும் 2 மில்லிமீட்டர் விளிம்புப் பட்டைக்கு, அதான் எட்ஜ் பேண்டுக்கு, ஈரம் ஆகாது. அங்கே கன்னைக் கைவிடமாட்டேன்.