புதுப்பிப்பு: கதிர்வீச்சு தொடங்கிவிட்டது

மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் கதிர்வீச்சு என்றதும் தூக்கமே போய்விட்டது, பயத்தை எப்படிச் சமாளிப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அக்காக்களுக்கு நன்றி. சிகிச்சை தொடங்கிவிட்டது.

மேலூரிலிருந்து மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையம் வந்து சேரும்வரை பஸ்ஸில் நெஞ்சு படபடக்கிறது. மருத்துவமனையில் சிகிச்சை அறைக்குள், கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்கவைத்து, மார்பில் வைத்த மைக்குறிகளுக்கு நேராக ஒளிக்கோடுகளைப் பொருத்துகிறார்கள். பிறகு அறையில் நான் மட்டும். அந்தத் தனிமைக்குத்தான் அதிகம் பயந்தேன். ஆனால் கேமராவில் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒலிபெருக்கியில் பேசவும் செய்கிறார்கள். வலியே இல்லை. மூச்சை மெல்ல எண்ணுவதற்குள் முடிந்துவிடுகிறது.

பேத்தியைத் தூக்கலாமா என்று கேட்டேன். வெளியிலிருந்து செலுத்தும் கதிர் உடம்பில் தங்காது, தாராளமாகத் தூக்குங்கள் என்றார் மருத்துவர். பாதி பயம் அங்கேயே இறங்கியது. தோல் லேசாகச் சிவந்திருக்கிறது. அவரைக் கேட்காமல் எந்தக் களிம்பும் தடவுவதில்லை.